துரை மாமா தாமதமாக வந்த சாயங்காலம்

அன்புள்ள பிரபு,

ஞாயிற்றுக்கிழமை நீ ஓசூரிலிருந்து போன் செய்தபோது, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். மாட்டுக்கு அப்போதுதான் காட்டிவிட்டு வந்திருந்தேன். உன் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் வேண்டாம், மணமேடைக்கு உன்னை மாலை போட்டு அழைத்து வர அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி யாராவது இருந்தால் போதும் என்று நீ சொன்னாய். "குடிச்சிட்டு வுழுந்து கெடந்து மலரச் சாவுற வரைக்கும் வுட்ட மனுசன் கையால மாலையா நைனா?" என்று கேட்டாய். கூடவே, நாம் ஏரித் திட்டில் கூடாரம் போட்டதையும், கொடி கட்டியதையும், நான் இருட்டில் தண்ணீரில் விளக்கோடு நின்றதையும் கல்யாணப் பெண்ணிடம் சொன்னதாகவும், அவள் கண்கலங்கியதாகவும் சொன்னாய். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கொல்லையில் போய் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரன் வந்து கேட்கும் வரை எழுந்திருக்கவில்லை.

பத்திரிகையை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அதற்குள் உனக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேரில் சொன்னால் பாதியில் கோபம் வந்துவிடும் எனக்கு, என் மேலேயே வருகிற கோபத்தை வழக்கம்போல எதிரில் இருப்பவர் மேல் காட்டிவிடுவேன். உன் அம்மாவைக் கேட்டால் தெரியும். அதனால் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துப் படி.

கூடாரம் போடும் ஆசையை முதலில் கிளப்பியது நீதான். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் சாரணர்கள் கூடாரம் போட்டுத் தங்குகிற படம் ஒன்று இருந்தது. அதைக் காட்டிக் காட்டி என் உயிரை எடுத்தாய். மாசி மாதம், நம் இரண்டு காணி அறுப்பு முடிந்து நெல் மூட்டை கட்டியாகிவிட்டது, நெல் காயவைக்கிற தார்ப்பாய் சும்மாதான் கிடந்தது. உன் அம்மாதான் யோசனை சொன்னாள், தன் பிறந்த ஊரான தோணிரேவுக்கு எதிரே பழவேற்காடு ஏரிக்குள் நாலு பனைமரம் நிற்கிற திட்டு ஒன்று இருக்கிறது, சின்னப் பிள்ளையில் அவள் அங்கே போய் விளையாடியிருக்கிறாள், ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாம் என்று. உன் தங்கை மலருக்கு அப்போது நாலு வயது. கூடாரம் என்றால் என்னவென்று தெரியாமலே இரண்டு நாளாகக் குதித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வம்சத்தில் வீட்டை விட்டு வெட்டவெளியில் போய்ப் படுத்தவர்கள் களத்து மேட்டில் நெல்லுக்குக் காவல் படுத்தவர்கள்தான். பிள்ளைகளின் சந்தோஷத்துக்காக என்று போய்ப் படுத்ததில் நாம்தான் முதல் குடும்பம்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் அனுப்பம்பட்டுப் பக்கத்து வயற்காட்டு ஆள். வரப்பில் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவேன், தோணியில் ஏறினால் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொள்வேன். கல்யாணமான முதல் மாதம் தோணிரேவில் எல்லோரும் பார்த்திருக்கத் தோணியிலிருந்து இறங்கும்போது சேற்றில் குப்புற விழுந்தேன், பட்டு வேட்டியோடு. அன்றிலிருந்து அந்த ஊரில் எனக்கு 'மேட்டு மாப்ள' என்று பெயர். பாசத்தோடு சொன்னதுதான் என்பது இப்போது புரிகிறது. அப்போது ஒவ்வொரு முறையும் சுருக்கென்று இருக்கும். உன் துரை மாமா என்னைவிட நாலு வயது பெரியவர், அவர் சிரித்தால் எனக்கு இன்னும் அதிகமாகக் குத்தும். நீ இன்னும் இருபது நாளில் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகிறாய். பெண் வீட்டார் உன்னைப் பார்த்துச் சிரித்தால் நீயும் சேர்ந்து சிரித்துவிட்டு வா. நான் சிரிக்காமல் விட்டதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

சனிக்கிழமை மதியம் மாமாதான் நம்மைத் தோணியில் ஏற்றித் திட்டுக்குக் கூட்டிப் போனார். ஏரியில் தண்ணீர் வற்றத் தொடங்கிய நேரம். மேலே பார்த்தால் எல்லா இடமும் தண்ணீர்தான், ஆனால் தோணி போகிற ஆழம் ஒரே ஓர் ஓடையில்தான் இருந்தது, அதை விட்டு விலகினால் சேறு. ஓடையிலிருந்து திட்டுக்குத் திரும்பவேண்டிய இடத்தில் மாமா அந்த வாரம்தான் ஒரு சவுக்குக் கொம்பை நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார். மழைக்காலத்து வெள்ளம் ஒவ்வொரு வருஷமும் ஓடையை இடம் மாற்றிவிடும், அதனால் வருஷா வருஷம் புதிதாக நடுவார்கள். அந்தக் கொம்பைத் தாண்டும்போது அவர் கையை நீட்டி எனக்கு ஏதோ விளக்கினார். மறுபடியும் மேட்டு மாப்பிள்ளைக்குப் பாடம் எடுக்கிறார் என்று எண்ணி, நான் வேண்டுமென்றே குனிந்து தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தைகூடக் காதில் வாங்கவில்லை. நம்மை இறக்கிவிட்டு, பொழுது சாய்வதற்குள் மாமி சமைத்த சாப்பாட்டோடு வருகிறேன், ராத்திரி உங்களோடேயே படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தார்ப்பாயை நிறுத்த இரண்டு கழி வேண்டும். அவசரத்தில் ஒன்றைத்தான் எடுத்து வந்திருந்தேன், இன்னொன்று தோணிரேவில் மாமா வீட்டுச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. உன் அம்மா பார்த்துவிட்டு, அண்ணன் வரும்போது ஒரு கழி கொண்டுவருவார், அதுவரை பனை நிழலில் இருப்போம் என்றாள். அண்ணன் கொண்டுவந்து, சிரித்து, ஊரெல்லாம் சொல்லி... எனக்கு அது பொறுக்கவில்லை. தண்ணீரில் நூறடி தள்ளி ஒரு கொம்பு சும்மா நிற்பது கண்ணில் பட்டது. அவிழ்த்துப் போன வலையின் கொம்பாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். வயற்காட்டில் யாருக்கும் உதவாமல் நிற்கிற கழியை யார் வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளலாம். ஏரியில் அப்படி இல்லை, அங்கே தண்ணீரில் நிற்கிற ஒவ்வொரு கொம்புக்கும் சொந்தக்காரனும் காரணமும் உண்டு, அந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைகூட அதைத் தொடாது. உன்னையும் கூட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போனேன். நான் அடியை ஆட்டிப் பிடுங்க, நீ நுனியைப் பிடித்துக்கொண்டாய். திட்டின் மறுகோடியில், கூடாரத்துக்கு முன்காலாக அதை நட்டோம். எங்கிருந்து கிடைத்தது என்று கேட்ட உன் அம்மாவிடம், கரையோரம் ஒதுங்கிக் கிடந்தது என்று சொல்லிவிட்டேன். சிவப்புத் துணி காற்றில் படபடத்தது. நம் வீட்டுக் கொடி என்று நீ வணக்கம் வைத்தாய். உன் எட்டு வயதுக் கைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, பிரபு. நீ உன் அப்பன் சொன்னதைச் செய்தாய், அவ்வளவுதான்.

ஒன்றிரண்டு மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. பூநாரைகள் தூரத்தில் மேய்ந்தன, அம்மா கருவாடு சுட்டாள், நீங்கள் இரண்டு பேரும் கூடாரத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தீர்கள். நாலரை மணி இருக்கும். அடுப்புக்குக் காய்ந்த பனை மட்டை கொண்டுவா என்று மலரிடம் நான்தான் சொன்னேன். அவள் ஒரு மட்டையைத் தூக்கினாள், அலறினாள். காலடியில் செந்தேள் ஒன்று ஓடியது. அடித்துப் போட்டுவிட்டு அவள் காலைப் பார்த்தேன், சுண்டுவிரலுக்கு மேலே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் இருந்தது. பெரியவர்களைக் கொட்டினால் ஒரு நாள் வலித்துவிட்டுப் போகும். நாலு வயதுப் பிள்ளைக்கு அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும், எங்கள் தெருவிலேயே ஒரு குழந்தையைப் பறிகொடுத்திருக்கிறோம். அது உன் அம்மாவுக்கும் தெரியும். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

முதலில் அழுதாள். பிறகு அழுகை நின்றது, அதுதான் பயமாக இருந்தது. உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது, கை கால் மட்டும் சில்லிட்டது. இரண்டு முறை வாந்தி எடுத்தாள். ஏரியில் ஒரு தோணியும் இல்லை. அங்கே எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்திருக்கிறார்கள், பாடு என்பார்கள். அன்றைய பாடு ஏரியின் வேறு பக்கத்தில், அதனால் ஆட்கள் எல்லாம் அங்கே போயிருந்தார்கள். நான் மலரைத் தோளில் போட்டுக்கொண்டு கரையை நோக்கி நேராக இறங்கினேன். பத்துப் பதினைந்து அடி போவதற்குள் சேறு இடுப்பு வரை இழுத்துவிட்டது. அசைய அசைய இன்னும் இறங்கியது. உன் அம்மா தன் புடவையை அவிழ்த்து வீசினாள், அதைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து திரும்பி வந்தேன். பாவாடையோடு நின்றுகொண்டு அவள் என்னைப் பார்த்து, "அண்ணன் வந்துடும்யா. பொழுதோட வந்துடும்" என்றாள். அதைத் தனக்குத்தானேயும் சொல்லிக்கொண்டாள்.

பொழுது சாய்ந்தது. மாமா வரவில்லை. ஆறரை ஆயிற்று, ஏழு ஆயிற்று என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன், கையில் கடிகாரம் இல்லை, மனசு எண்ணியது. மலர் கண்ணை மேலே செருகிக்கொண்டு மூச்சை வெட்டி வெட்டி இழுத்தாள். அரிக்கேன் விளக்கை ஏற்றி உன் கையில் கொடுத்து, கொடிக்குக் கீழே நின்று ஆட்டு, மாமாவுக்குத் தெரியட்டும் என்று நான்தான் சொன்னேன். நீ ஒரு கை மாற்றி ஒரு கை ஆட்டிக்கொண்டே இருந்தாய். "மாமா வந்துடுவாருல்ல நைனா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டாய். நான் அவரைத் திட்ட ஆரம்பித்திருந்தேன். குடித்திருப்பான், எங்கேயாவது விழுந்திருப்பான் என்று உன் அம்மா காதுபடச் சொன்னேன். அந்த வார்த்தையை முதலில் சொன்னவன் நான்தான்.

தாங்க முடியாமல் தனியாகத் தண்ணீரில் இறங்கி, தரை கெட்டியாக இருந்த பக்கமாக நடந்து போய்க் காது கொடுத்தேன். காற்று திட்டிலிருந்து வெளியே அடித்தது, அதனால் திட்டில் இருந்த உங்களுக்கு அந்தச் சத்தம் கேட்க வழியில்லை. எனக்கு இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "மாப்ளே, சேத்துல தட்டிட்டன். கொம்பு நட்ட எடத்துல நிக்கலியே, வெளக்கு வேற எடத்துல தெரியுதே" என்று மாமா கத்திக்கொண்டிருந்தார்.

அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. மங்கிய வெளிச்சத்தில் அவர் சிவப்புத் துணியைப் பார்த்திருக்கிறார். அதுதான் திருப்பம் என்று நம்பி, உண்மையான திருப்பத்தைத் தாண்டி வந்து, கூடாரத்துக்கு நேராகத் திருப்பிச் சேற்றில் ஏற்றிவிட்டார். இருட்டிய பிறகு உன் விளக்கும் அவரை அங்கேயே இழுத்திருக்கிறது. நான் திரும்பி ஓடி உன் கையிலிருந்த விளக்கைப் பிடுங்கினேன், உன்னைக் கீழே தள்ளிவிட்டேன் என்றுகூட நினைக்கிறேன். கொம்பு முதலில் நின்ற இடத்துக்குப் போய் விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். அங்கிருந்து அவர் தோணியை எப்படிப் பின்னால் இழுத்து ஓடையில் விட்டார் என்பது எனக்குத் தெரியாது. மார்பு வரை சேற்றில் இறங்கி ஒற்றை ஆளாக இழுத்திருக்கிறார். எட்டு மணிக்கு மேல்தான் தோணி என் பக்கத்தில் வந்தது. நீ பெருமையாகச் சொல்கிறாயே, உன் நைனா தண்ணீரில் நின்று வழி காட்டினார் என்று, அந்த நிற்பு இதுதான். நான் பிடுங்கிய கொம்புக்குப் பதிலாக நானே போய் நின்றேன்.

மாமா திட்டில் ஏறியதும் உன் அம்மா மலரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அவர் வாயிலிருந்து லேசாகச் சாராய வாடை வந்தது. அது பொய்யில்லை, குளிர் நாளில் ஒரு மடக்கு குடித்துவிட்டுத்தான் தோணி எடுப்பார், அவர் மட்டுமல்ல, அங்கே பலரும் அப்படித்தான். அம்மா அவர் முகத்துக்கு நேராக, "எம்புள்ள சாவுது, நீ குடிச்சிட்டு எங்கண்ணா வுழுந்து கெடந்த?" என்று கேட்டாள். மாமா வாயைத் திறந்தார். அதற்குள் அவர் கண் அவள் தோளுக்கு மேலாகப் போய், கூடாரத்து முன்காலில் நின்றது. அடுப்பு வெளிச்சத்தில் துணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. நாலு வார்த்தை போதும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர், "தப்புதாம்மா. ஏறு, நேரமாவுது" என்று மட்டும் சொல்லிவிட்டு மலரைக் கையில் வாங்கினார்.

பிறகு நடந்தது உனக்கே நினைவிருக்கும். பொன்னேரி ஆஸ்பத்திரி, அங்கிருந்து சென்னை, ஐந்து நாள். இரண்டாம் நாள் டாக்டர் எங்களிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்கிற மாதிரிதான் பேசினார். வராந்தாவில் நின்றிருந்த மாமாவை அம்மா எல்லோர் முன்னாலும் போகச் சொன்னாள், இனி என் வாசலை மிதிக்காதே என்றாள். அவர் போய்விட்டார். மலர் பிழைத்தாள். வீட்டுக்கு வந்த மறுநாள் நான் தார்ப்பாயை எடுத்துவரத் தனியாகத் தோணிரேவுக்குப் போனேன். மாமா அதைக் கழுவி மடித்து வைத்திருந்தார். என் கையில் கொடுக்கும்போது, "கொம்ப நட்டுட்டேன் மாப்ள" என்றார். மாமி டீ போட்டுக் கொடுத்தாள், குடித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன், தார்ப்பாயை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் சொல்லிவிடலாம் என்று அந்த வாரம் முழுக்க நினைத்தேன். மலருக்குச் சாப்பாடு இறங்கட்டும் என்று தள்ளிப்போட்டேன், பிறகு அம்மாவின் கோபம் ஆறட்டும் என்று. அதற்குள் உன் அம்மா உறவுக்காரர்கள் எல்லோரிடமும் என் விளக்குக் கதையைச் சொல்லிவிட்டாள். நான் கேட்டிராத மரியாதையெல்லாம் எனக்குக் கிடைத்தது. உண்மையைச் சொல்வதானால், அது பிடித்திருந்தது. தோணிரேவுக்காரியின் புருஷன் ஏரியில் ஒரு காரியம் செய்தான் என்று பேசிக்கொண்டார்கள் அல்லவா, அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. மாமாவின் மகள் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தபோது அம்மா அதைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டாள். அன்றும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இருபது வருஷம் ஒரு அண்ணனையும் தங்கையையும் பிரித்து வைத்தது என் வாய்தான், திறக்காத வாய். நீ உன் மனைவியிடம் ஆயிரம் தப்புச் செய்வாய், செய்யாத புருஷன் கிடையாது. அதை அன்றைக்கே சொல்லிவிடு. முதல் ராத்திரி தாண்டினால் கஷ்டம், முதல் வாரம் தாண்டினால் அதற்குப் பிறகு நீ சொல்லப்போவதில்லை. உன் தப்பால் இன்னொருவர் ஏச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பழகிவிட்டால், மனுஷன் வேறு எதற்கும் பழகிவிடுவான். நான் பழகியிருந்தேன்.

இதுவரை எழுதிவிட்டு நேற்றுக் காலை உன் அம்மாவிடம் கொடுத்தேன். அவளுக்குத் தெரியாமல் உனக்கு அனுப்புவது இன்னொரு திருட்டு. சமையலறை வாசலில் நின்றபடியே எழுத்துக் கூட்டிப் படித்தாள், ரொம்ப நேரம் ஆயிற்று. படித்து முடித்து என்னை ஏறிட்டுப் பார்த்து, "எங்கண்ணனுக்கு நான் சோறு போட்டு இருவது வருசம் ஆவுதுய்யா" என்றாள். அதற்கு மேல் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். முகத்தைக் கழுவிக்கொண்டு, மாற்றுப் புடவை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு பழவேற்காடு பஸ் ஏறப் போய்விட்டாள். ராத்திரி வரவில்லை. பழைய சோறு இருந்தது, இறங்கவில்லை. அவள் திரும்பி வருவாளா, வந்தாலும் என்னோடு பேசுவாளா என்பது இதை எழுதும்போது எனக்குத் தெரியாது.

இன்று காலை போன் வந்தது. அம்மாவின் எண்தான், பேசியது மாமா. "மச்சான், என்ன மன்னிச்சிருங்க" என்று எப்படியோ சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "இன்னா மாப்ள, பையனுக்கு என்னமோ எழுதி வச்சிருக்கியாம். அதக் கிழிச்சிப் போட்டுடு. தங்கச்சி வந்துட்டா, எனக்கு அது போதும். கல்யாணம் கட்டிக்கப் போற புள்ள, அப்பன கொறச்சலா நெனைக்கக் கூடாது" என்றார்.

சரி என்று சொல்லித்தான் போனை வைத்தேன். அவரிடம் நான் சொன்ன கடைசிப் பொய் அதுவாக இருக்கட்டும். கிழிக்கவில்லை, இதோ மடித்து உறைக்குள் வைக்கப் போகிறேன். பத்திரிகையில் அவர் பெயரை நான் போடச் சொல்லிவிட்டேன், ஆனால் பெயர் போட்டால் மட்டும் போதாது. நீ லீவு போட்டுவிட்டு வா. தட்டில் வெற்றிலைபாக்கு வைத்து, நீயே தோணிரேவுக்குப் போய் அவர் காலில் விழுந்து அழை. அவர் மாலையோடு உன் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வரட்டும். என்னை நீ குறைவாகத்தான் நினைக்க வேண்டும், நினைத்துக்கொள். அவரை மட்டும் இனி ஒரு நாள்கூட அப்படி நினைக்காதே.

நைனா